சித்தாளின் தூரிகை

ஒரு கட்டடம் எழும்பி முடிந்ததும் அதன் வாயிலில் ஒரு கல் பதிக்கப்படுகிறது. அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் ஆகியோரின் பெயர்கள் அதில் பொன்னெழுத்துகளில் மின்னுகின்றன. சில வேளைகளில் பொறியாளர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் கூட இடம்பெறும். நம் ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும், சும்மாடு கட்டிச் செங்கல் சுமந்த சித்தாளின் பெயரைத் தாங்கிய கல்லை நாம் எங்கும் கண்டதில்லை. விடுதலைப் பயண நூலைப் புரட்டினாலும் இதே நிலைதான். திருவுறைவிடத்தை அமைத்த கைவினைஞர்களான பெட்சலேல், ஒகோலியாபு ஆகியோரின் பெயர்களைக் குலத்தோடும் தந்தை பெயரோடும் அந்நூல் குறித்து வைத்துள்ளது. தம் கைகளால் நூல் நூற்று, ஆட்டு உரோமத்தைத் திரித்துக் கொண்டுவந்த பெண்களின் திறனையும் அது போற்றுகிறது. ஆனால் அப்பெண்களுள் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

இவ்வாறு பெயரின்றிப் போகும் எண்ணற்ற தொழிலாளருள் ஒருவர், தாம் கல்லும் மண்ணும் சுமந்து எழுப்பிய கட்டடத்திலேயே ஓவியராக ஏற்கப்பட்ட வரலாறு நம் நாட்டில், நம் காலத்தில் நிகழ்ந்துள்ளது. அவர் பெயர் பூரி பாய். மத்தியப் பிரதேசத்தின் பீல் பழங்குடியில் பிறந்தவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் நமக்கு அவருடைய வாழ்க்கை தொலைதூரத்துச் செய்தியன்று. அவரைப் போலவே பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் நம் தெருக்களிலும் நாள்தோறும் நடக்கின்றனர். ஆதலால் அவர் கதையைச் சற்று நின்று கேட்போம்.

ஜாபுவா மண்

பீல் மக்கள் இந்தியாவின் மிகப்பெரிய பழங்குடி இனங்களுள் ஒன்று. மத்தியப் பிரதேசம், குஜராத், இராஜஸ்தான், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் பரவி வாழ்கின்றனர். வில்லாண்மைக்குப் பெயர்பெற்ற இம்மக்களின் இனப்பெயரே திராவிட மொழிகளின் 'வில்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்று கருதுவோரும் உளர்.

குஜராத் எல்லையை ஒட்டியுள்ள ஜாபுவா மாவட்டத்தின் பிட்டோல் என்னும் சிற்றூர் பூரி பாயின் பிறப்பிடம். மேடும் பள்ளமுமான கல் நிலம். வானம் பார்த்த விளைச்சல். மக்காச்சோளமே முதன்மை உணவு. அறுவடை முடிந்தபின் நிலம் சோறு போடாது, கடன்காரரோ காத்திருப்பதில்லை. எனவே குடும்பம் குடும்பமாகக் கூலி வேலைக்குப் புறப்படுவது அம்மாவட்டத்தின் நெடுநாள் வழக்கம். கட்டட வேலைக்குச் சென்றவர்கள் உளர். குஜராத்தின் கோத்ரா பகுதியில் படிகக்கல் அரைக்கும் ஆலைகளுக்குச் சென்று, நுண்தூளைச் சுவாசித்து, நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோயால் மாண்டவர்களும் பலர். பூரி பாயின் கதையை மகிழ்ச்சியோடு கேட்கும் நாம், அதே மண்ணிலிருந்து புறப்பட்டுத் திரும்பாதவர்களையும் நினைவில் இருத்த வேண்டும்.

அம்மண்ணில் வறுமையோடு கலையும் சேர்ந்தே இருந்தது. பீல் வீடுகளின் மண்சுவர்களைச் சாணமும் களிமண்ணும் குழைத்து மெழுகுவதும், அவற்றில் உருவங்கள் வரைவதும் பெண்களின் கைவேலை. செங்காவி மண்ணிலிருந்து சிவப்பு, சுண்ணமண்ணிலிருந்து வெள்ளை, இலைகளைக் கசக்கிப் பச்சை, ரொட்டி சுடும் கல்லின் அடிக்கரியைச் சுரண்டிக் கறுப்பு என வண்ணங்கள் அடுப்படியிலும் வயலிலுமே பிறந்தன. சிறுமியாயிருந்தபோதே பூரி பாய் இவற்றைக் கற்றார். பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை.

அங்கும் ஒரு வேலி இருந்தது. பிதோரா என்னும் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வீட்டின் சுவரில் குதிரைகளை வரையும் சடங்கு ஓவியம் அப்பகுதியில் புகழ்பெற்றது. அதை வரையும் உரிமை மரபுப்படி ஆண்களுக்கே உரியது. பெண்கள் சுவரை மெழுகித் தரலாம். புனிதக் குதிரையை வரையலாகாது. பூரி பாய் பின்னாளில் புகழடைந்த போதும் இம்மரபை மதித்து, சடங்குக்குரிய அக்குதிரைகளை விலக்கி, மரங்களையும் மயில்களையும் மான்களையும் திருவிழாக்களையும் தம் ஓவியப் பொருளாகக் கொண்டார்.

ஆறு ரூபாயும் பத்து ரூபாயும்

1980களின் தொடக்கத்தில் போபால் நகரின் மேல் ஏரிக்கரையில் 'பாரத் பவன்' என்னும் கலை மையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. 1982 பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அதைத் திறந்து வைத்தார். திருமணமாகிக் கணவரோடு பிழைப்புத் தேடிப் போபாலுக்கு வந்திருந்த பூரி பாய் அக்கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். அன்றைய நாட்கூலி 6 ரூபாய். அவருக்குத் தெரிந்த மொழி பீலி மட்டுமே; நகரத்தின் இந்தி அவருக்குப் புரியாது.

அம்மையத்தின் ஓவிய, சிற்பப் பிரிவான 'ரூபங்கர்' அருங்காட்சியகத்தை உருவாக்கும் பொறுப்பு ஜகதீஷ் சுவாமிநாதனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பொதுவுடைமை இயக்கத்திலும் இதழியலிலும் இளமையைக் கழித்து, பின்னர் ஓவியராகி நாடறிந்த பெயர் பெற்றவர். நகரத்து ஓவியரின் படைப்பும் பழங்குடியினரின் படைப்பும் ஒரே கூரையின்கீழ், ஒரே மதிப்போடு வைக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதுவரை பழங்குடியினரின் கலைப்பொருள்கள், இறந்துபோன ஓர் உலகத்தின் எச்சங்களைப் போல, மானிடவியல் கூடங்களின் கண்ணாடிப் பேழைகளில் கிடந்தன. சுவாமிநாதன் அவற்றைச் சமகாலக் கலை என்றார். செய்தவர் உயிரோடிருக்கிறார், நம்மோடு ஒரே ஆண்டில் வாழ்கிறார், ஆகவே அவரும் நம் காலத்துக் கலைஞரே என்பது அவர் வாதம்.

இக்கொள்கையோடு அவர் இளம் கலைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். தம் காலடியில் மண் சுமந்துகொண்டிருந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்த பீல் தொழிலாளரிடம், உங்கள் ஊர் எது, உங்கள் வீடுகளில் என்ன வரைவீர்கள், அதைத் தாளில் வரைந்து காட்டுவீர்களா என்று கேட்டார். பூரி பாய் தயங்கினார். வரைய உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை! அன்றாடங்காய்ச்சிகளுக்கே உரிய இக்கவலையை நம்முள் பலர் அறிவோம். சுவாமிநாதன் நாளொன்றுக்கு 10 ரூபாய் தருவதாகக் கூறினார். வெயிலில் நாள் முழுதும் சுமந்தால் 6 ரூபாய். நிழலில் அமர்ந்து, சிறுமிப் பருவத்தில் செய்ததையே செய்தால் 10 ரூபாய். தம்மால் இதை நம்ப முடியவில்லை என்று பூரி பாய் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

அவர் முன் வெள்ளைத் தாளும், இடிக்கவும் அரைக்கவும் வேண்டாத ஆயத்த வண்ணங்களும், தூரிகையும் வைக்கப்பட்டன. மண்சுவரில் வரைந்து பழகிய கை தாளில் ஓடியது. பீல் ஓவியத்தைச் சுவரிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்த முதல் பெண்மணி என்று இன்று அவரைக் குறிப்பிடுகின்றனர். அவரைப் போலவே அங்கே கூலி வேலை செய்த லாடோ பாய் என்னும் பீல் பெண்மணியும் ஓவியரானார்.

புள்ளிகளால் ஆன உலகம்

பீல் ஓவியத்தை அடையாளம் காண்பது எளிது. உருவங்களின் உடல் முழுவதும் புள்ளிகள் நிறைந்திருக்கும். மயிலின் கழுத்தும் மரத்தின் தண்டும் பெண்ணின் பாவாடையும் வரிசை வரிசையான புள்ளிகளால் உயிர்பெறும். அவை மக்காச்சோள மணிகளை நினைவூட்டுவன என்பர். முன்னோரைக் குறிப்பன என்பாரும் உளர். விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்துக் கோலமிடும் தமிழ்ப் பெண்களுக்கு இக்கலை அந்நியமாகத் தோன்றாது. கணக்குத் தவறாமல் புள்ளியிட்டுக் கோடிழுக்கும் நம் தாய்மார் தம்மை ஓவியர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நாமும் அவர்களை அவ்வாறு அழைத்ததில்லை. பூரி பாயின் அன்னையும் பாட்டியும் அப்படித்தான் இருந்தனர்.

பூரி பாயின் ஓவியம் பழைய உருவங்களோடு நின்றுவிடவில்லை. பேருந்தும் மகிழுந்தும் தொலைக்காட்சியும் வானூர்தியும் அவருடைய புள்ளிகளுக்குள் வந்து சேர்ந்தன. பழங்குடியினர் மாறாமல் உறைந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அவரது படைப்பே விடை. தாம் கண்டதை வரைகிறார். அவர் காண்பதும் நாம் காணும் அதே உலகைத்தான்.

1986ஆம் ஆண்டுக்குரிய 'ஷிகர் சம்மான்' விருதை மத்தியப் பிரதேச அரசு அவருக்கு வழங்கியது. பின்னர், பழங்குடிக் கலைகளுக்கென அம்மாநில அரசு போபாலில் நடத்திய நிறுவனத்தில் அவர் ஓவியராகப் பணியமர்ந்தார். 1998இல் 'அகில்யா சம்மான்' விருதும் அவருக்குக் கிடைத்தது. 2013இல் போபாலில் திறக்கப்பட்ட பழங்குடியினர் அருங்காட்சியகத்தில், தம் வாழ்க்கை முழுவதையும் ஏறத்தாழ 70 அடி நீளச் சுவரோவியமாக அவர் தீட்டியுள்ளார். வரலாற்றை எழுத்தில் எழுத அறியாத ஒருவர் தம் வரலாற்றைத் தாமே சுவரில் பதித்துவிட்டார். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை, அவ்வாண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் மாளிகையில் அவர் பெற்றுக்கொண்டார்.

லூசியானாவில் ஒரு மூதாட்டி

பூரி பாயின் கதையைப் படிக்குந்தோறும் கடலுக்கு அப்பாலிருந்து வேறொரு முகம் நம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி கிளமெண்டைன் ஹண்டர் அவர். 1886ஆம் ஆண்டு முடிவிலோ 1887ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், எழுதப் படிக்க அறியாதவர். இளமையில் மெல்ரோஸ் என்னும் தோட்டத்துக்குப் பெயர்ந்து பருத்தி பறித்தார். பின்னர் அதன் பெரிய வீட்டில் சமையலும் துவையலும் செய்தார். அவ்வீட்டுக்கு விருந்தினராக வந்த ஓர் ஓவியர் விட்டுச்சென்ற வண்ணக் குழாய்களை எடுத்து, பழைய சாளரத் திரையொன்றில் வரையத் தொடங்கியபோது அவருக்கு 50 வயது கடந்திருந்தது. பருத்திக்காடு, துணி வெளுக்கும் பெண்கள், ஆற்றங்கரைத் திருமுழுக்கு, திருமணம், இறுதி ஊர்வலம் என்று தம் மக்களின் வாழ்வையே அவர் வரைந்தார். அவர் வரைந்த சிலுவையில் தொங்கும் இயேசுவும் கறுப்பு நிறத்தவரே.

1955ஆம் ஆண்டு அவ்வட்டாரக் கல்லூரி ஒன்றில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. நிறவெறிச் சட்டங்கள் ஆட்சி செய்த காலம் அது. வெள்ளையர் பார்வையிடும் வேளையில் தம் சொந்த ஓவியங்களைக் காண அவருக்கே அனுமதியில்லை. கூடம் மூடியிருந்த நாளில், பின்வாயில் வழியாக, மறைவாக அழைத்துச் சென்றே அவருக்கு அவற்றைக் காட்டினர். அக்கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமாகி, 1986இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1988 சனவரி முதல் நாளன்று, தமது 101ஆம் வயதில் அவர் காலமானார். எழுத்தறியாத அவர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு, அவற்றுள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதையே தம் கையொப்பமாக ஓவியங்களில் இட்டார். அந்தத் திருப்பிய எழுத்தை இன்று அமெரிக்க அருங்காட்சியகங்கள் அறியும்.

ஒருவர் பருத்தி பறித்தவர்; மற்றவர் செங்கல் சுமந்தவர். இருவரும் பிறருக்காக உழைத்த இடத்திலேயே தமக்கென ஒரு பெயரைப் பெற்றனர். வாயில் எந்தப் பக்கம் திறந்தது என்பதில் மட்டுமே வேறுபாடு. கிளமெண்டைனுக்குப் பின்வாயில், பூரி பாய்க்கு, அதை அமைத்தவரின் நல்லெண்ணத்தால், முன்வாயில்.

நிழலும் உண்டு

இவ்வரலாற்றைத் தேவதைக் கதையாக்கிவிடலாகாது. முதலாவதாக, இத்தகைய கதைகளில் 'கண்டெடுத்தவர்' புகழ் பெறுவதும், கண்டெடுக்கப்பட்டவர் நன்றியுள்ளவராய் நிற்பதும் வழக்கமாகிவிடுகிறது. சுவாமிநாதன் வருவதற்கு முன்பே பூரி பாயின் கை வரையத் தெரிந்திருந்தது. அவர் தந்தது தாளும் வண்ணமும் நியாயமான கூலியும். அது சிறிதன்று, ஆனால் கலை அவர் தந்ததன்று.

இரண்டாவதாக, சந்தை என்னும் கூர்முனை. பாரத் பவனால் உலகறிந்த மற்றொரு பழங்குடி ஓவியர், பாட்டன்கட் என்னும் ஊரைச் சேர்ந்த கோண்டு இனத்தவரான ஜங்கட் சிங் ஷியாம். பாரிஸ் மாநகரம் வரை அவர் ஓவியங்கள் சென்றன. 2001ஆம் ஆண்டு ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியம் தீட்டச் சென்றிருந்தவர், அங்கேயே தனிமையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு கலைஞரின் ஓவியங்களைப் போற்றும் உலகம், அவரது மனநிலையையும் ஊர் திரும்பும் ஏக்கத்தையும் கேட்டறிவதில்லை என்பதற்கு அவர் மறைவு துயரச் சான்று.

மூன்றாவது, நம்மைப் போன்றோர் எளிதில் விழும் குழி. பூரி பாய் மதிப்புக்குரியவர். ஏனெனில் அவர் ஓவியர் என்று நாம் முடித்துவிட்டால், ஓவியம் வரையத் தெரியாத சித்தாளின் நிலை என்ன? அவருடன் அதே வெயிலில் மண் சுமந்த பிறர் மதிப்பற்றவர்களா? மனிதர் ஒவ்வொருவரும் இறைச்சாயலாகப் படைக்கப்பட்டவர் என்று அறிக்கையிடும் நாம், திறமை வெளிப்பட்ட பின்பு தரும் மரியாதையை மாண்பு என்று கொள்ளலாகாது. சுவாமிநாதனின் செயலில் நாம் கற்க வேண்டியது அவருடைய கேள்வியின் வரிசைமுறையை. ஊரைக் கேட்டார், வீட்டைக் கேட்டார், பிறகே ஓவியத்தைக் கேட்டார். இவர்களுள் ஒருவர் பத்மஸ்ரீ பெறுவார் என்பது அன்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே மதித்தார்.

நம் தெருவில்

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் மக்கள் உழைக்கின்றனர். திருவள்ளூர் வட்டாரச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து, மழைக்காலம் தொடங்குமுன் ஊர் திரும்புகின்றன. அரிசி ஆலைகளிலும் வயல்களிலும் நம் மாவட்டத்தின் தொல்குடியினரான இருளர் உழைக்கின்றனர். நாம் உறங்கும் வீட்டின் செங்கல்லும், அதன் கூரையைத் தாங்கும் கம்பியும் இவர்கள் கைபட்டவை.

இவர்களை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? எம்மாநிலத்தவராயினும் 'பீகாரி', 'இந்திக்காரன்', 'வடக்கன்'. பூரி பாய்க்கு இந்தி தெரியாதது போலவே, சந்தாளி, முண்டாரி, சாத்ரி பேசும் இவர்களுள் பலருக்கும் இந்தி தாய்மொழியன்று. 1979ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம், இத்தகைய தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் நிழற்படம் ஒட்டிய கையேடு ஒன்றை ஒப்பந்தக்காரர் வழங்க வேண்டும் என்று விதித்தது. ஆளுக்கு ஒரு பெயர் உண்டு என்பதை நினைவூட்டவே ஒரு சட்டம் தேவைப்பட்டது! அச்சட்டம் ஏட்டளவிலேயே பெரிதும் நின்றது என்பதை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு வெட்டவெளிச்சமாக்கியது. மூட்டையும் குழந்தையுமாய் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் எத்தனை பேர், எவ்வூரார் என்னும் முழுக்கணக்கு எவரிடமும் இருக்கவில்லை.

நம் பங்கின் ஞாயிறு திருப்பலிக்கும் ஜார்க்கண்டின் ஒராவோன், முண்டா இனங்களைச் சேர்ந்த கத்தோலிக்க இளைஞர் வருகின்றனர். ஆலயத்தின் பின்வரிசையில், தூணோரம் நிற்கின்றனர். திருப்பலி முடிந்ததும் மெல்லக் கலைந்துவிடுகின்றனர். அவர்களுடைய ஊர்களிலும் மண்சுவர்கள் உள்ளன. அவற்றில் பெண்கள் வரைகின்றனர். ஹசாரிபாக் பகுதியில் திருமணத்தின்போது தீட்டும் 'கோஹ்பர்' சுவரோவியமும், அறுவடைக் காலத்தில் தீட்டும் 'சோஹ்ராய்' சுவரோவியமும் இன்று உலகறிந்தவை. நம் தூணோரம் நிற்கும் இளைஞரின் அன்னையும் சுவரில் வரைபவராய் இருக்கலாம். நாம் கேட்டதில்லை.

மத்தியப் பிரதேசத்தின் பைகா பழங்குடியைச் சேர்ந்த ஜோதையா பாய், விறகு விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்து, முதுமையை எட்டிய பின்னரே தூரிகையைக் கையிலெடுத்தவர். 2023இல் பத்மஸ்ரீ பெற்று, 2024 டிசம்பரில் மறைந்தார். அத்தனை ஆண்டுகள் அவருடைய கை காத்திருந்தது. எவரேனும் கேட்கும் வரை காத்திருந்து, கேட்பாரின்றியே அடங்கிப்போன கைகள் எத்தனையோ!

அன்பர்களே, பெரிய திட்டங்களை நாம் முன்வைக்கவில்லை. நம் அன்பியங்கள் மாதம் ஒருமுறை கூடுகின்றன. அடுத்த கூட்டத்திற்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் ஒருவரிடமேனும் அவர் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து வரலாம். மொழி தடையாயின் கையும் முகமும் பேசும். பங்கு விழாவுக்கு அவர்களை அழைத்து, அவர்கள் ஊரில் விழாவை எப்படிக் கொண்டாடுவர் என்று காட்டச் சொல்லலாம். ஆலய வளாகத்தில் அடுத்த கட்டடம் எழும்பும்போது, அதில் உழைத்த கொத்தனார், சித்தாள் அனைவர் பெயரையும் பங்கின் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். அதற்குச் சில பக்கங்கள் போதும். அவர்கள் பெயரைக் கேட்க ஒருவர் வேலையிடத்துக்குச் செல்ல வேண்டும், அவ்வளவே.